ஏழாவது ஜாடி

கணப்படுப்பின் மேல்பலகையில் இருந்த ஆறு ஜாடிகளில் ஒன்று, நவமணி கழுவ எடுத்தபோது வெதுவெதுப்பாக இருந்தது.

மூன்று மாதமாக அந்தக் கணப்பில் யாரும் விறகு போடவில்லை. எஸ்டேட் துரை சீமைக்குப் போய், அங்கேயே செத்தும் போய்விட்டார். போவதற்கு முன், ஜாடிகளெல்லாம் சமையல்காரி நவமணிக்கு என்று கடிதம் எழுதி வைத்திருந்தார். இருபத்தாறு வருஷம் அடுப்படியில் நின்று தேய்ந்த முட்டிக்கு அதுதான் மிச்சம். விற்றால், கோலா தெர்லாவில் மகள் திலகத்தின் வீட்டோடு ஓர் அறை இறக்கிக்கொண்டு காலை நீட்டிப் படுக்கலாம். வேறு ஆசை எதுவும் அவளுக்கு இல்லை. அவ்வளவு அசதி.

ஈப்போவிலிருந்து வந்திருந்த பழம்பொருள் வியாபாரி அமிர்தலிங்கம், மற்ற ஜாடிகளை ஒவ்வொன்றாகக் கவிழ்த்து, அடியில் இருந்த முத்திரையைப் பூதக்கண்ணாடியில் பார்த்தார். பிறகு காதருகே வைத்து நகத்தால் தட்டினார். டிங்.

“கீறல் விட்டிருந்தா சத்தம் செத்துரும்க்கா. இது முழுசு.”

“மேலெல்லாம் வல மாரி கோடு ஓடுதே, தவுக்கே?” என்று வியாபாரியைக் கேட்டாள் நவமணி.

“அது மெருகுலா. வயசானா அப்படித்தான் வெடிக்கும்.”

நவமணி தன் புறங்கையைப் பார்த்துக்கொண்டாள்.

ஒவ்வொரு ஜாடியும் ஒரு மனிதத் தலை. பட்லர், டிரைவர், ஆயா, டோபி, வாட்ச்மேன், தோட்டக்காரன்.

“பங்களா வேலக்காரங்க ஏழு பேரு செட்டு இது. சமையக்காரி மட்டும் இல்ல. செட்டா இருந்தாதான் வெல. இல்லன்னா, காப்பி ஊத்திக் குடிக்கத்தான் ஆவும். தேடி வைங்க. பிரிஞ்சாங் போயிட்டு அஞ்சு மணிக்கு வரேன்.”

தேடினாள். ஸ்டோர் ரூமில் பூசணம் பூத்த பெட்டிகளுக்குள், எலி வாடையடிக்கும் கட்டில்களுக்கு அடியில், தகரக்கூரையில் மழை கொட்டக் கொட்ட, ஜன்னல் வழியே மலைப்பனி உள்ளே நுழைந்து நாற்காலிகளை ஒவ்வொன்றாக மூட, முட்டி இரண்டும் விண்விண்ணென்று தெறிக்கத் தேடினாள். கிடைக்கவில்லை. அழுகை வந்தது. அறை போயிற்று.

பாதியில் விட்ட அந்த வெதுவெதுப்பான ஜாடியையாவது கழுவி வைக்கலாம் என்று திரும்பி வந்தாள். தோட்டக்காரன். வருஷக்கணக்கில் படிந்த புகைக்கரியைத் துணியால் அழுத்தித் துடைத்தாள். இடது கன்னத்தில் ஒரு மச்சம் வந்தது. பிறகு, கிழிந்த காதுமடல்.

சின்னக்கருப்பன்.

இந்தப் பங்களாத் தோட்டக்காரன். ஒன்பது வருஷத்துக்கு முன் ஒரு சாயங்காலம், “அசதியா இருக்கு நவமணி, துரை ஒக்காரச் சொன்னாரு” என்று கணப்பின் முன் இருந்த சாய்வு நாற்காலியில் உட்கார்ந்தான். மறுநாள் ஆளில்லை. லெம்பா பெர்த்தாம் பக்கம் ஓடிவிட்டான் என்றார்கள். அவளும் நம்பினாள்.

ஜாடிக்குள்ளிருந்து நகத்தால் தட்டும் சத்தம். டிங்.

எப்படியோ அதைப் பலகையில் வைத்தாள். பின்வாங்கினாள். பின்னால் எது இருக்கிறதென்று பார்க்காமலே உட்கார்ந்தாள்.

சாய்வு நாற்காலி.

எழ வேண்டும். எழு. ஓடு.

முட்டி வலிக்கவில்லை. இருபத்தாறு வருஷத்தில் முதல் தடவையாக. பாதம் இல்லை. இடுப்பு இல்லை. மழைச் சத்தம் மட்டும், ஒரு குடத்துக்குள் கேட்பது போல. திலகம் என்று கூப்பிட்டாள். உதடு அசையவில்லை.

வாசலில் கார் நின்றது.

“அக்கா? அட, கெடச்சிருச்சா!”

அமிர்தலிங்கத்தின் முகம் பெரிதாகக் குனிந்தது. அவளைத் தூக்கினார். கூரை கீழே போனது. கண்ணாடி, முத்திரை. பிறகு நகம், அவள் கன்னத்தை நோக்கி.

டிங்.

“ஒரு கீறல் இல்ல.” பலகையின் காலி இடத்தில் வைத்தார். “அக்கா, எங்க இருக்கீங்க? முழு வெல தரேன், வந்து வாங்கிக்குங்க!” என்று அடுப்படிப் பக்கம் குரல் கொடுத்தார்.

“கழுவிட்டு ஈரத்தத் தொடைக்காம வச்சிருக்காங்க” என்று முணுமுணுத்துக்கொண்டே, அவள் கண்ணுக்குக் கீழே வழிந்ததைக் கட்டைவிரலால் துடைத்தார். அது மறுபடியும் வழிந்தது.