உள்ளே போக மறுத்த அறை

"இன்னாங்க... நடுத்தெருவுல ரூம் கட்டி வச்சிருக்கீங்க? பட்டா கிட்டா வாங்கிட்டீங்களா?"

அரக்குப் பட்டுப்புடவை, தலை கொள்ளாத கனகாம்பரம், கையில் ஒரு ஸ்பேனர்... இந்தக் கோலத்தில் ஒருத்தி எதிரே வந்து அதட்டினால் யாருக்குத்தான் பேச்சு வரும்? அந்த இளைஞன் திருதிருவென்று விழித்தான். பெரிய கண்கள். அதில் பாதி பயம், பாதி சிரிப்பு... ஜெயக்கொடிக்கு அந்த விழிப்பு பிடித்துத்தான் போயிற்று. அதை முகத்தில் காட்டிக்கொள்வாளா என்ன!

"பட்டன அமுக்குனேங்க... வெளிய வந்துடுச்சு. உள்ள போவ மாட்டேங்குது."

அவன் பெயர் நெடுமாறன். திண்டிவனத்துக்காரன். பழைய பஸ் ஒன்றை வாங்கி, ஒன்றரை வருஷம் பாடுபட்டு, கட்டில், அடுப்பு, சோபா எல்லாம் வைத்து, தன் கையாலேயே ஓடுகிற வீடாக மாற்றியிருந்தான். நாளைக் காலையில் திருவண்ணாமலையில் முதல் சவாரி. போகிற வழியில் செஞ்சியில் டீ குடிக்க இறங்கியவனை டீக்கடைக் கூட்டம் விடவில்லை. உள்ளே என்ன இருக்கிறது என்று கேட்டார்கள். இவனும் பெருமை தாங்காமல் பட்டனை அமுக்கினான். மேஜை இழுப்பறை மாதிரி பஸ்ஸின் பக்கச் சுவர் ஜன்னலோடும் சோபாவோடும் மூன்றடி வெளியே நீண்டது. கூட்டம் கைதட்டியது. உள்ளே இழுக்கிற பட்டனை அமுக்கினான்... மோட்டார் உறுமியதோடு சரி.

ஒரு பக்கம் அறை, எதிர்ப்பக்கம் கரண்ட் கம்பம். நடுவில் பைக் நுழையலாம். கார் நுழையாது.

"தள்ளுங்க, நான் பார்க்கிறேன்."

"நீங்களா? இது ஹைட்ராலிக்குங்க. ஆயில் பிரஷர்ல ஓடுறது..."

அவள் ஸ்பேனரை நீட்டி எதிர்க் கடைப் பலகையைக் காட்டினாள். 'ஜெயக்கொடி ஹைட்ராலிக்ஸ். டிராக்டர் டிப்பர், ஜேசிபி, அறுவடை மெஷின்.'

"உங்க கடையா?"

"பேரு என்னுதுதான். போட்டோ போடல, அவ்ளோதான்."

அதே நேரம் கோட்டை மலைப் பக்கமிருந்து மழை இறங்கியது. கூட்டம் டீக்கடைக்குள் ஓடியது. இவர்கள் இருவருக்கும் ஒதுங்க ஓர் இடம்தான் இருந்தது... வெளியே நீண்டு நின்ற அந்த அறையின் அடி. குனிந்து நுழைந்து, குந்தி உட்கார்ந்தார்கள். சுற்றிலும் மழை, தலைக்கு மேல் சோபா. இதைவிட வேடிக்கையான கூரை எங்கே கிடைக்கும்?

"வெளிய போற பட்டன அமுக்குங்க."

அவன் படியேறி அமுக்கினான். அடியில் எங்கோ 'டக்' என்று ஒரு சத்தம், பிறகு மோட்டார் உறுமல்.

"இப்ப உள்ள வர்ற பட்டன்."

உறுமல் மட்டும். 'டக்' இல்லை.

ஜெயக்கொடிக்கு அப்போதே புரிந்துவிட்டது. ஆயிலைத் திருப்பி விடுகிற வால்வு அசையாமல் நிற்கிறது. அதன் முனையில் சுண்டுவிரல் நகம் அளவுக்கு ஒரு பித்தளைக் குமிழ் இருக்கும். மோட்டார் ஓடும்போது ஸ்க்ரூடிரைவரால் அதை அழுத்திப் பிடித்தால் அறை சமர்த்தாக உள்ளே போய்விடும். இரண்டு நிமிட வேலை.

அவள் செய்யவில்லை.

நாலு மணிக்கு அவளைப் பெண் பார்க்க வல்லத்திலிருந்து ஆனந்தராஜ் வீட்டார் காரில் வருகிறார்கள். இந்தத் தெருவழியாகத்தான் வரவேண்டும். பையன் அரசாங்க வேலை, நல்ல குடும்பம். ஒரே ஒரு நிபந்தனை. கல்யாணத்துக்குப் பிறகு கடையை மூடிவிட வேண்டும். நைனா ஒரு வாரமாகச் சந்தோஷத்தில் கால் தரையில் படாமல் திரிகிறார். அந்த முகத்தைப் பார்த்து, "வேணாம் நைனா" என்று சொல்ல அவளுக்கு வாய் வரவில்லை. இப்போது கடவுளே பார்த்து நடுத்தெருவில் ஓர் அறையை நீட்டி வைத்திருக்கிறார்... அதை அவள் எதற்காக மூடவேண்டும்?

"பாட்டரி பார்க்கலாமா?" என்றாள். பார்த்தார்கள். நன்றாக இருந்தது. "ப்யூஸ்?" அதுவும் சரி. "ஆயில்?" நிறைய இருந்தது.

"ஏங்க, உங்க கை வேலை செய்யுது, மனசு வேற எங்கயோ இருக்குதே," என்றான் நெடுமாறன் மெதுவாக.

மழைத் திரைக்குள் உட்கார்ந்திருந்ததாலோ என்னவோ... முன்பின் தெரியாதவனிடம் அவள் எல்லாவற்றையும் சொல்லிவிட்டாள். அவன் குறுக்கே பேசாமல் கேட்டான். கேட்டு முடித்ததும் சொன்னான்.

"அப்படின்னா... ஆயில இன்னொரு வாட்டி பார்க்கலாங்க. அவசரமே இல்ல."

அவள் சிரித்துவிட்டாள். அவன் கண்களும் சிரித்தன. அந்தச் சிரிப்பில் அவள் நெஞ்சுக்குள் என்னமோ தடுமாறியது. சே... பெண் பார்க்க வரும் நாளில் இதென்ன கூத்து!

"கொடீ! கார் தெருமுனைக்கு வந்துட்டுது!" தலையில் துண்டைப் போட்டுக்கொண்டு நைனா செல்லப்பன் ஓடி வந்தார். "இன்னாடி இது, பட்டுப்புடவையோட பஸ்ஸுக்கு அடியில! டென்ஷன் பண்ணாத, எழுந்து வா!"

அவருக்குப் பின்னாலேயே குடை பிடித்தபடி ஆனந்தராஜ் நடந்து வந்தான். குனிந்து பார்த்தான். அவள் கையிலிருந்த கிரீஸைப் பார்த்து நயமாகச் சிரித்தான்.

"பரவால்லங்க. இன்னியோட கடைசிதானே?"

கெட்ட எண்ணத்தில் சொன்னதல்ல. அதனால்தான் அவளுக்கு அதிகம் வலித்தது. கூடவே தன் மேலேயே வெட்கமாகவும் இருந்தது. இத்தனை வருஷத்தில் ஒரு வண்டியைக்கூட அவள் பொய்யாக நிறுத்தி வைத்ததில்லை. இன்று வாயால் சொல்ல வேண்டியதைச் சொல்லப் பயந்து, இன்னொருத்தன் வண்டிக்குப் பின்னால் ஒளிந்துகொண்டிருக்கிறாளே!

"எல்லாரும் தள்ளி நில்லுங்க. நீங்க போய் பட்டன அமுக்குங்க."

நெடுமாறன் அவளை ஒரு கணம் பார்த்தான். படியேறினான். மோட்டார் உறுமியது. அவள் இடுப்பில் செருகியிருந்த ஸ்க்ரூடிரைவரால் குமிழை அழுத்தினாள். 'டக்'! தலைக்கு மேலிருந்த கூரை மெல்ல நகர்ந்து உள்ளே போனது. மழை அவள் முகத்தில் விழுந்தது. டீக்கடையில் விசில் பறந்தது.

நனைந்தபடியே ஆனந்தராஜிடம் போய் நின்றாள்.

"வழி விட்டாச்சுங்க. வீட்டுக்கு வாங்க, காப்பி சாப்டுங்க. ஆனா கடைய நான் மூட மாட்டேன். முன்னாடியே சொல்லியிருக்கணும். தப்பு என்னுதுதான்."

"எங்கம்மா ஒத்துக்க மாட்டாங்க. எனக்கும் சரிப்பட்டு வராது," என்றான் ஆனந்தராஜ். பிறகு, "நேரா சொன்னீங்களே, அதுக்கு நன்றி," என்று குடையைத் திருப்பிக்கொண்டு நடந்தான்.

செல்லப்பனின் முகம் சுண்டிப் போயிற்று. "என்கிட்ட ஒரு வார்த்த சொல்லக் கூடாதா கொடி?"

"உன் சந்தோஷத்தப் பார்த்து வாய் வரல நைனா."

"உன் சந்தோஷம்னு நெனச்சிதான்டி நான் குதிச்சேன்..." அவர் மூக்கை உறிஞ்சினார். தலையில் இருந்த துண்டை எடுத்து மகளின் தலையைத் துவட்டினார். "சரி, வா. சுட்ட பஜ்ஜி அவ்ளோவும் ஆறிப் போவுது. அந்தப் பஸ்காரத் தம்பியையும் கூப்டு," என்று சொல்லிவிட்டு முன்னால் நடந்தார்.

மழை தூறலானது. நெடுமாறன் வண்டியைக் கிளப்பாமல் படியிலேயே உட்கார்ந்திருந்தான்.

"ஒண்ணு கேக்கணும்," என்றாள் ஜெயக்கொடி. "இந்த வண்டி முழுக்க நீங்க கட்டினதுதானே? அந்தக் குமிழ் இருக்குறது உங்களுக்குத் தெரியாதா?"

அவன் காது சிவந்தது.

"தெரியுங்க... ஸ்க்ரூடிரைவர் எடுக்கத்தான் போனேன். நீங்க வந்து பட்டா கேட்டீங்க. எடுக்கத் தோணல." ஓரக்கண்ணால் அவளைப் பார்த்தான். "உங்களுக்கு?"

"'டக்' கேக்கலன்னதுமே தெரியும்."

இருவரும் தலையைக் குனிந்துகொண்டார்கள். புடவைத் தலைப்பில் கிரீஸ், கையில் கிரீஸ், கன்னத்தில்கூட ஒரு தீற்றல்... அவன் நிமிர்ந்து அதையே பார்த்தான்.

"எனக்கு உங்கள ரொம்பப் புடிச்சிருக்குது. சுத்தி வளைக்கத் தெரியலங்க. திருவண்ணாமல சவாரி முடிஞ்சதும் எங்கம்மாவக் கூட்டிக்கிட்டு வரட்டுமா... ஞாயித்துக்கிழம?"

அவள் கன்னத்துத் தீற்றலைப் புறங்கையால் துடைத்தாள். அவன் முகம் வாடத் தொடங்கியது.

"ஞாயித்துக்கிழம கடை லீவு," என்றாள். "உங்கம்மா என்னை வேலையில பார்க்கட்டும். திங்கக்கிழம வாங்க."