வலது பக்கம் காலி

அரிசோனாப் பாலைவனத்தில் குளிர்காலம் கழிக்க வருகிற கூட்டத்தோடு வெர்லினும் டோரீனும் வந்து சேர்ந்தபோது, அந்த டிரெய்லரை வாங்கி ஒன்பது நாள்தான் ஆகியிருந்தது. முப்பதடி நீளம். கட்டில், அடுப்பு, குளியலறை எல்லாம் உள்ளேயே உண்டு. விற்ற பெண்மணி பேரமே பேசவில்லை. சாவியைக் கையில் திணித்துவிட்டு, திரும்பிக்கூடப் பார்க்காமல் போய்விட்டாள். வெர்லினுக்கு அறுபத்து நாலு வயது, ஆயுசு முழுக்க மின்கம்பிகளோடு பழகிய மனுஷன். ஆனால் ஒரு பொருள் மலிவாகக் கிடைத்தால் ஏன் என்று கேட்கிற புத்தி மட்டும் அவனுக்கு வரவே இல்லை.

ஓட்டுவதில்தான் சிக்கல். கண்ணில் அறுவை சிகிச்சை ஆனதிலிருந்து அவன் ஸ்டியரிங்கைத் தொடக் கூடாது. டோரீன்தான் ஓட்ட வேண்டும். வரும் வழியில் அவள் வலது தடத்துக்கு ஒதுங்கப்போய், டிரெய்லரின் மறைவில் வந்த சின்னக் காரைத் தடுப்புச் சுவரோடு சேர்த்து நசுக்கப் பார்த்தாள். அந்தக் காரின் பின்சீட்டில் ஒரு குழந்தை இருந்தது. அன்றோடு அவள் சிரிப்பும் போய்விட்டது.

"இனிமே சாவிய எங்கிட்ட குடுக்காத. என்னைக் கொலைகாரி ஆக்கிடாத."

"ரெண்டு பக்கமும் கேமரா வைக்கிறேன் டோரி. ஈ பறந்தாக்கூடத் தெரியும்."

"படத்தப் பாத்துக்கிட்டே ஓட்ட எனக்கு வராது. நீ பக்கத்துல உக்காந்து பாரு. காலி, போன்னு நீ சொன்னா போறேன். உன் குரலத் தவிர எதையும் நம்ப மாட்டேன்."

"அடேயப்பா! நாப்பது வருஷத்துல இப்பத்தான் என் பேச்சக் கேக்குறேன்னு சொல்ற."

"ரொம்பத் துள்ளாத. போய் வேலையப் பாரு."

வேலை ஒன்றும் பிரமாதமில்லை. டிரெய்லரின் இரண்டு முன்மூலைகளிலும் ஆரஞ்சு நிறத்தில் ஓர விளக்கு இருக்கும். அதைக் கழற்றிவிட்டு, விளக்கும் கேமராவும் ஒன்றாக அமைந்த கூட்டைப் பொருத்தினால் போதும். விளக்குக்கு வருகிற கரண்டே கேமராவுக்கும் ஆகும். ஒரே ஒரு விஷயம், டிரெய்லரை இழுக்கிற பிக்கப் வண்டியில் முகப்பு விளக்கைப் போட்டால்தான் ஓர விளக்குக்கு உயிர் வரும், கேமராவும் விழிக்கும். பட்டப்பகலிலும் விளக்கைப் போட்டுக்கொண்டுதான் ஓட்டியாக வேண்டும்.

கிளம்புகிற நாள் மதியம், டிரெய்லரைப் பிக்கப்போடு கோத்தாயிற்று. டோரீன் காய்ந்த துணியை எடுத்துவர முகாமின் சலவை அறைக்குப் போயிருந்தாள். வெர்லின் கடைசி இணைப்பைப் போட முன்பக்கச் சாமான் அறைக்குள் நுழைந்தான். அறை என்று பெயர்தானே ஒழிய, அது ஒரு நீளப் பெட்டி. படுத்துத்தான் நுழைய முடியும். பிக்கப்பிலிருந்து வரும் கம்பிகள் எல்லாம் அங்கேதான் கூடுகின்றன. பச்சை ஓர விளக்குக்கு, நீலம் டிரெய்லர் பிரேக்குக்கு, கறுப்பு பேட்டரிக்கு. சரிபார்ப்பதற்காக, கேமராப் படம் தெரிகிற திரையையும் அங்கேயே தற்காலிகமாக மாட்டியிருந்தான்.

பச்சைக் கம்பியைத் தேடிப் பிடித்தவன் ஒரு நிமிடம் நிதானித்தான். அதில் ஏற்கெனவே யாரோ இணைப்புப் போட்டிருந்தார்கள். இதே இடம், இதே கேமராவுக்கான கம்பி, பாதியில் விட்ட வேலை.

"எனக்கு முன்னாடியே ஒருத்தன் யோசிச்சிருக்கான்யா" என்று முனகிக்கொண்டே கம்பியை முறுக்கினான். இணைப்பை முடித்து டேப்பைச் சுற்றினான். அப்போதுதான் வாடை வந்தது. நாள்கணக்கில் மூடிக்கிடந்த ஈரத் துணியின் வாடை. அந்தப் பாலைவனத்தில் மழை பெய்து மூன்று மாதம் ஆகியிருந்தது.

வலது பக்கக் கதவை மேலே பிடித்திருந்த காந்தம் 'டக்' என்று விட்டது.

கதவு மெதுவாக இறங்கியது. காற்றில் விழுகிற கதவு அப்படி இறங்காது.

வெளியே தாழ் விழுந்தது.

"டோரி! விளையாட்டுக்கு இதுவா நேரம்? திற."

உள்ளே கைப்பிடி இல்லை, சாமான்கள் எந்தக் காலத்தில் கதவைத் திறந்துகொண்டு வெளியே வந்தன? இடது பக்கக் கதவை அவனே காலையில் பூட்டியிருந்தான். கதவின் உட்புறத்தை இருட்டில் தடவினான். விரல் நுனிக்குக் கீறல்கள் தட்டுப்பட்டன. ஒன்றல்ல, நூறு இருக்கும். வரிவரியாக, நகத்தால் கீறியவை.

இடுப்பில் வாக்கி டாக்கி இருந்தது. அதன் ஜோடி பிக்கப்புக்குள் கிடந்தது. பட்டனை அழுத்தி, "டோரி, டோரி" என்று கத்தினான். அந்தக் கருவியில் ஒரு முனையில் பட்டனை அழுத்திப் பிடித்துவிட்டால் மறுமுனை கேட்கலாமே தவிரப் பேச முடியாது. பிக்கப்பிலிருந்த கருவியின் பட்டனை யாரோ அழுத்திய நிலையிலேயே சிக்கவைத்திருந்தார்கள்.

திரை பளிச்சென்று எரிந்தது. முகப்பு விளக்கைப் போட்டுவிட்டார்கள். டோரீன் வந்துவிட்டாள்!

திரையின் இடது பாதியில் சரளைக்கல் தரை. வலது பாதியில் டிரெய்லரின் நெடுஞ்சுவர், அதை ஒட்டிப் பின்பக்கத்தை நோக்கி நடந்துபோகிற ஓர் ஆள். கட்டம் போட்ட சட்டை. வெர்லின் தன் மார்பைத் தொட்டுப் பார்த்துக்கொண்டான். அவன் போட்டிருந்ததும் அதே சட்டைதான்.

கிளம்புமுன் ஒருவர் வண்டியில் உட்கார்ந்து ஒவ்வொரு விளக்காகப் போட, மற்றவர் பின்னால் நின்று கூவிச் சொல்வது எல்லா ஜோடிகளின் வழக்கம். வாக்கி டாக்கியில் டோரீனின் குரல் கேட்டது.

"இடது போடுறேன் வெர்லின்!"

"இடது எரியுது!"

அது பின்னாலிருந்து வந்தது. அது வெர்லினின் குரல்.

"வலது?"

"எரியுது!"

"பிரேக்?"

"எல்லாம் சரியா இருக்கு டோரி. வர்றேன்."

வெர்லின் கதவை உதைத்தான், அலறினான், முழங்கையால் இடித்தான். டீசல் இன்ஜினின் உறுமலில் எதுவும் எடுபடவில்லை. பிக்கப்பின் வலது கதவு சாத்தப்படும் சத்தம் வந்தது. தரை நகர்ந்தது.

கருவியில் எல்லாமே கேட்டது.

"திரைய இங்க மாட்டலையா?"

"நேரமில்ல. கண்ணாடியிலயே தெரியுது. நான் சொல்றேன், நீ ஓட்டு."

"ஏன் உன் கை இப்படிச் சில்லுன்னு இருக்கு?"

"இவ்வளவு நேரம் உள்ளயே கெடந்தேன்ல."

நாற்பது நிமிடம். வேர்வையில் நனைந்து, நகங்கள் பிய்ந்து, வெர்லின் திரையை மட்டும் பார்த்துக்கொண்டு கிடந்தான். நெடுஞ்சாலை வந்தது. லாரிகள் வந்தன. பிறகு வலது பாதியில் ஒரு டாங்கர் லாரி ஏறி வந்து டிரெய்லருக்குப் பக்கத்திலேயே ஒட்டிக்கொண்டது. அதன் சக்கரங்கள் படம் முழுவதையும் அடைத்தன.

"வலது தடத்துக்குப் போகணும்" என்றாள் டோரீன். "காலியா?"

"காலி. போ."

"நல்லாப் பாத்தியா?"

"என்னை நம்பு டோரி. போ."

வெர்லின் யோசிக்கவில்லை. நீலக் கம்பியைப் பிடுங்கி, பேட்டரியின் கறுப்புக் கம்பியில் வைத்து அழுத்தினான். தீப்பொறி பறந்து விரலைச் சுட்டது. அவன் கையை எடுக்கவில்லை. டிரெய்லரின் சக்கரங்கள் கிறீச்சிட்டு இறுகின. டாங்கரின் ஹாரன் பிளிறிக்கொண்டே கடந்து போனது. டோரீன் அழுதுகொண்டே வண்டியைச் சாலையோரம் நிறுத்தினாள். இன்ஜின் அடங்கியது.

கடவுளே, பிழைத்தாள். அது போதும் அவனுக்கு.

"இரு, டயரப் பாத்துட்டு வர்றேன்" என்றது கருவியில் அவன் குரல். ஒரு கதவு திறந்தது. கட்டம் போட்ட சட்டை திரையில் பின்பக்கத்தை நோக்கி நடந்து போனது.

வெர்லின் இருந்த பலத்தையெல்லாம் திரட்டி உதைத்தான். இந்த முறை அவளுக்குக் கேட்டது. காலடி ஓடி வந்தது. தாழ் திறந்தது. வெளிச்சம் கண்ணில் குத்தியது.

"டோரி! நான்தான்டி. வா, சீக்கிரம், இங்கிருந்து ஓடிடலாம்..."

அவள் முகத்தில் நிம்மதி இல்லை.

நாற்பது நிமிடம் புருஷன் பக்கத்தில் உட்கார்ந்து பேசிக்கொண்டு வந்திருக்கிறான். இப்போது பெட்டிக்குள் அதே முகம், புழுதியும் ரத்தமுமாக, அவளை நோக்கிக் கையை நீட்டுகிறது.

"டோரி" என்றது டிரெய்லரின் பின்னாலிருந்து வந்த குரல், அமைதியாக. "அதத் தொடாத. கதவ மூடு."

"என் குரலத்தான் நம்புவேன்னு சொன்னியே!" வெர்லின் கதறினான். "என்னைப் பாருடி, என்னைப் பாரு!"

அவள் அவனைப் பார்த்தாள். பின்பக்கம் திரும்பிப் பார்த்தாள்.

"என் புருஷன் அங்க நிக்கிறான்" என்றாள்.

கதவு விழுந்தது. தாழ் விழுந்தது.

நீலக் கம்பியைத் தேடினான். அது உருகிப்போய்க் கம்பிகள் கூடும் பெட்டியோடு ஒட்டிக் கிடந்தது. அந்த 'காலி' டோரீனை ஏமாற்றச் சொன்னதல்ல, தன்னைப் பதறவைத்து, கையிலிருந்த ஒரே ஆயுதத்தைத் தானே எரித்துவிடச் செய்யச் சொன்னது என்று அவனுக்கு அப்போதுதான் விளங்கியது.

திரையில் கட்டச் சட்டை அவசரமில்லாமல் நடந்து வந்தது. கதவுக்கு நேராக நின்று, உள்ளங்கையால் இரண்டு தட்டுத் தட்டியது. முகம் மட்டும் படத்தில் விழவில்லை.

பிறகு கருவியில் டோரீனின் விசும்பல். "இடது பக்கம் பாத்து சொல்லு. நான் சாலையில ஏறணும்."

"பொறு. லாரி ஒண்ணு வருது. அது போகட்டும்."

உண்மைதான். திரையில் லாரி வந்தது, போனது.

"இப்பக் காலி. மெதுவா ஏறு. அவசரமே இல்ல டோரி, உன்னை யாரும் தொரத்தல. பகல்ல எதுக்கு விளக்கு? அணைச்சிடு."

திரை இருண்டது.

வண்டி குலுங்காமல் சாலையில் ஏறியது. இருட்டில் வெர்லின் காதைக் கருவியோடு ஒட்டிக்கொண்டு கிடந்தான். அவன் குரல் ஏதோ மெல்லச் சொன்னது, சரியாகக் கேட்கவில்லை. ஆனால் அதைக் கேட்டு டோரீன் சிரித்தது தெளிவாகக் கேட்டது.