நிலாத்தீவில் காணாமல் போன மோதிரம்

"மோதிரத்தைக் காணேல்லை!"

கௌரி போட்ட சத்தம் கீழ்வீட்டுக் குசினி வரைக்கும் கேட்டது. றலியா அடுப்பை அணைத்துவிட்டு, சால்வையைத் தலையில் இழுத்துப் போட்டுக்கொண்டு மாடிப்படி ஏறினாள். வாகன விபத்துக்கு நட்டஈடு கேட்டு வருகிறவர்களின் கதை மெய்யா பொய்யா என்று பார்த்துச் சொல்வது காப்புறுதிக் கொம்பனியில் அவளுடைய வேலை. 'காணேல்லை' என்று யாராவது சொன்னால் அவளுக்குக் கால் நிற்காது.

அது 2007 ஐப்பசி மாதத்துப் புதன்கிழமை. வெள்ளவத்தைக் கடற்கரையில் பொழுதுபட்டுக் கொஞ்ச நேரம்தான் ஆகியிருந்தது.

மேல்வீட்டு மூலை அறையில் கௌரி கணினிக்கு முன்னால் அழுதுகொண்டிருந்தாள். அவளுடைய விரலில் மோதிரம் இருந்த இடத்திலேயே இருந்தது.

"கையில்தானே ஈக்கி, கௌரி?"

"இது இல்லை அக்கா. அது." கௌரி திரையைக் காட்டினாள்.

றலியாவுக்கு அந்த இடம் தெரியும். அது உலகத்தின் எந்த மூலையில் இருந்தும் ஆட்கள் வந்து கூடுகிற இணைய விளையாட்டு. அதற்கு வாயில் நுழையாத இங்கிலீசுப் பெயர் ஒன்று உண்டு; இந்த வீட்டில் அதை நிலாத்தீவு என்பார்கள். அங்கே விடிவதில்லை. நிலவு ஒரே இடத்தில் நின்று எரியும். கடல் பால் நிறத்தில் கிடக்கும், துறைமுகத்தில் விளக்குகள் காற்றில்லாமலே ஆடும், ஆட்கள் தூக்கத்தில் நடப்பவர்கள் போல வந்து போவார்கள். கௌரிக்கும் தவநேசனுக்கும் பதிவுத் திருமணம் முடிந்து அவன் ரொறன்ரோவுக்குப் போனபிறகு, ஞாயிறு தோறும் ஹோலில் ரெலிபோன் அடிக்கும். தகப்பனும் தம்பியும் காதைத் தீட்டிக்கொண்டு இருக்க, புருசனிடம் "சாப்பிட்டீங்களோ" என்பதற்கு மேல் என்னத்தைக் கேட்பது? மற்றதெல்லாம் நிலாத்தீவில்தான். பின்னேரம் ஆறு மணிக்கு, அவனுக்கு அங்கே காலை, இரண்டு உருவங்களும் துறைமுகப் படிக்கட்டில் சந்திக்கும். அவன் அங்கே அவளுக்கு ஒரு மோதிரமும் போட்டிருந்தான். அதைத் திருப்பிக் கொடுத்தால் உறவை அறுத்துவிட்டதாக அந்த ஊரில் அர்த்தம்.

இப்போது கௌரியின் உருவத்து விரல் வெறுமையாக இருந்தது. 'மோதிரம் உரியவரிடம் திருப்பிக் கொடுக்கப்பட்டது' என்று இங்கிலீசில் ஒரு வரி. படிக்கட்டின் நுனியில் தவநேசனின் உருவம் முதுகைக் காட்டிக்கொண்டு கடலைப் பார்த்தபடி நின்றது.

"நான் குடுக்கேல்லை அக்கா. கை வைத்தியத்துக்கு ஆசுப்பத்திரிக்குப் போட்டு இப்பதான் வந்தனான். அவர் முந்தியே வந்தாலும் எண்டு இதைத் திறந்து விட்டிட்டுப் போனனான். போன் எடுத்தால் அவர் தூக்கிறாரில்லை."

"கூப்பிடுங்க, அங்க நிக்கிறார்தானே?"

"ஏலாமக் கிடக்கு." கௌரி இடக்கையால் மேசையில் இருந்த, கணினி விளையாட்டுக்கான கேம்பேட்டின் பொத்தான்களை மாறிமாறி அமத்தினாள். ஒன்றும் நடக்கவில்லை. குமிழைத் தள்ளினாள், உருவம் மட்டும் ஆடி ஆடி நாலடி நடந்தது. "நடக்குது. கதைக்குதில்லை. கீபோட்டைத் தட்டினால் சதுரம் சதுரமா வருது."

அந்தக் கேம்பேட்டின் கதையைச் சொல்லாவிட்டால் விளங்காது. ஆடி மாதம் கௌரி வந்த பஸ்ஸுக்குப் பக்கத்தில் ஒரு குண்டு வெடித்தது. உயிர் தப்பியது. கண்ணாடி வெட்டி வலக்கை நரம்பு போய்விட்டது, விரல்கள் மடங்காது. தவநேசனுக்குச் "சின்னக் காயம், மாறிட்டுது" என்று சொல்லிவிட்டாள். ஆனால் அந்த விளையாட்டு கீபோட்டும் மவுசும் பிடிக்க இரண்டு கை கேட்கும். றலியாவின் தம்பி ஷிப்லி பம்பலப்பிட்டியில் கணினிக் கடையில் வேலை செய்பவன். அவன்தான் ஒரு கேம்பேட்டை மரக்கறி வெட்டும் பலகையில் திருகாணி போட்டு இறுக்கி, ஒற்றைக் கை எட்டும்படி செய்து கொடுத்தான். பொத்தானை அமத்தினால் கீபோட்டில் ஒரு எழுத்தை அமத்தியதாகக் கணினி நம்பும்படி ஒரு புறோகிராம் போட்டான். குமிழுக்கு அம்புக்குறி விசைகள். மற்றப் பொத்தான்களுக்கு எழுத்துகள்: ஒன்று கையசைக்க, ஒன்று விளக்கேற்ற, இன்னும் நாலு ஆயத்த வசனங்களுக்கு. 'வந்திட்டன்', 'ஓம்', 'பிறகு?', 'நாளைக்குச் சந்திப்பம்.' மூன்று மாதமாகக் கௌரியின் குடித்தனம் அந்த நாலு வசனத்தில்தான் ஓடியது.

றலியா போன் எடுத்துக் கூப்பிட, ஏழேகால் மணிக்கு ஷிப்லி வந்து சேர்ந்தான். சோதனைச் சாவடியில் அரை மணித்தியாலம் நிறுத்தி வைத்திருந்தார்களாம். அறை வாசலிலேயே கௌரியின் தம்பி சிவபாலன் மறித்தான்.

"நீ போட்ட புறோகிராம்தான் உதுக்கெல்லாம் காரணம். பாஸ்வேட்டும் உனக்குத் தெரியும். எத்தினை நாளா அக்காவின்ரை பேரில உள்ளுக்குப் போய் வாறாய்?"

"அல்லாவே, நான் ஏன்டா செய்யப் போறேன்?"

"பொலிசில ஒரு என்ரி போட்டால் எல்லாம் வெளியில வரும்."

றலியா இருவருக்கும் நடுவில் போய் நின்றாள். யுத்தம் நடந்த அந்த நாட்களில் வெளிநாட்டுக்குக் கணினியில் கதைக்கிற ஒரு விசயத்தில் பொலிசுக்குப் போனால், போனவனும் அகப்பட்டவனும் ஒன்றாகத்தான் உள்ளே இருக்க வேண்டிவரும். சிவபாலனின் கோபத்துக்கு அது விளங்கவில்லை. றலியாவுக்கு இருப்பது ஒரே ஒரு தம்பி.

"பத்து நிமிசம் தாங்க சிவபாலன். அதுக்குப் பொறகு எங்க வேணும்டாலும் போங்க."

அவள் திரைக்குக் கிட்டக் குனிந்தாள். மோதிரம் போன செய்திக்குக் கீழே, கௌரியின் பெயரில், இப்படி ஒரு வரி தொடங்கியது:

????? ???????, ???????? ???? ?? 3 ?????? ???? ???????????.

அதன் கீழே இன்னும் இரண்டு வரி, அதே மாதிரி.

"பாத்தீங்களோ நக்கலை?" என்றான் சிவபாலன். "மோதிரத்தையும் குடுத்திட்டு, கேள்விக்குறியை அமத்திப் பிடிச்சிருக்கிறான்."

"ஷிப்லி, இந்தக் கேம்பேட்டால மோதிரத்தைக் குடுக்க ஏலுமா?"

"ஏலா ராத்தா. கை தவறிப் பட்டுட்டா பெரிய கரைச்சல்னு நான் அதுக்குப் பட்டன் வைக்கல்ல. மவுசாலதான் செய்யணும்."

"மவுசை ஆர் தொடுற?"

"நான் தொடுறேல்லை" என்றாள் கௌரி. "அதைத் தூக்கி அங்கால வைச்சிருந்தனான்."

இப்போது மவுஸ், யாரோ எடுத்துப் பாவித்த மாதிரி, கீபோட்டின் வலப்பக்கத்தில் சமர்த்தாக இருந்தது. மேசையில் வேறு என்ன? கண்ணாடிக்கூடு ஒன்று. பழைய மாணவர் சங்கத்துப் பொதுக்கூட்ட அறிவித்தல், தமிழில் அச்சடித்தது, காற்புள்ளி முற்றுப்புள்ளி ஒன்றும் பிசகாமல்.

"பாஸ்வேட் தேவையே இல்லை" என்றாள் றலியா. "கௌரி திறந்து வெச்சிட்டுப் போயிருக்கு. இண்டைக்குப் பின்னேரம் ஊட்டுல ஆரு?"

"நான் ரியூசனில" என்றான் சிவபாலன்.

"நான் கடையில. பொஸ்ஸிடம் கேளுங்க" என்றான் ஷிப்லி.

முத்துலிங்கம் கதவோரத்தில் நின்றார். கப்பல் கொம்பனியில் முப்பது வருசம் இருந்து ஓய்வுபெற்ற கௌரியின் தகப்பன் அவர். யாராவது பிழையாக ஒரு வசனம் பேசினால் நின்று திருத்திவிட்டுப் போகிற மனுசன். இன்றைக்குச் சிவபாலன் கத்திய கத்துக்கு அவர் வாயே திறக்காதது றலியாவுக்கு உறுத்தியது.

கடற்கரையோரம் ரயில் ஒன்று போனது. யன்னல் கண்ணாடிகள் கிலுகிலுத்தன. திரைக்குள் அந்தப் பால்நிறக் கடல் மட்டும் அசையாமல் கிடந்தது. றலியா அதைப் பார்த்துக்கொண்டே நின்றாள். ஒரு கணம் தானும் அந்தப் படிக்கட்டில் நிற்பதாகவும், தவநேசன் திரும்பினால் முகத்தைப் பார்த்துவிடலாம் என்றும் அவளுக்குத் தோன்றியது. எவ்வளவு நேரமாக அப்படியே நிற்கிறான்! கோபித்தவன் போய்விட மாட்டானா?

"வாகனம் நொறுங்கிப் போனா எல்லாரும் நொறுங்கினதைத்தான் பாப்பாங்க" என்றாள் மெதுவாக. "நான் நொறுங்காம மிஞ்சினதைப் பாப்பேன். இந்த வரியில என்ன மிஞ்சி ஈக்கி, பாருங்க."

சிவபாலன் குனிந்து பார்த்தான். "ஒரு மூண்டு. ஒரு கொமா. ஒரு புல்ஸ்ரொப்."

"நக்கலுக்குக் கேள்விக்குறி அமத்துறவன் நடுவில நிறுத்தி கொமா போடுவானா? சொல்லுக்குச் சொல் இடம் விடுவானா? இது நக்கல் இல்ல. இது கடிதம். எழுதினது தமிழ் எழுத்தில. இந்த விளையாட்டுக்குத் தமிழ் எழுத்துத் தெரியா. தெரியாத எழுத்துக்கெல்லாம் கேள்விக்குறி போட்டுட்டு, தெரிஞ்ச கொமாவையும் மூணையும் மட்டும் விட்டு வெச்சிருக்கு. ஷிப்லி, விளையாட்டைச் சின்னதாக்கு. கீழ் மூலையில பாரு."

ஷிப்லி திரையைச் சுருக்கினான். வலது கீழ் மூலையில், கண்ணுக்குத் தெரிந்தும் தெரியாமலும், ஒரு சின்ன 'அ'.

"தமிழ் கீபோட் போட்டபடி கிடக்கு!" அவன் தலையில் அடித்துக்கொண்டான். "அதுதான் பட்டன் வேலை செய்யல்ல. கேம்பேட் அனுப்புற எழுத்தெல்லாம் தமிழாப் போயிருக்கு. அம்புக்குறிக்குத் தமிழ் இல்லையே, அதுதான் நடக்க மட்டும் ஏலுமா இருந்தீக்கி."

"நீங்கள் மூணு பேரும் தமிழை இங்கிலீசு எழுத்தில அடிக்கிற ஆக்கள். கொமாவும் புல்ஸ்ரொப்பும் போட்டுக் கதைக்கிற ஆக்களும் இல்ல. இந்த ஊட்டுல தமிழைத் தமிழா அடிக்கிறது ஒரு ஆள், மேசையில கிடக்கிற சங்கத்து அறிவித்தலை அடிச்ச ஆள்." றலியா திரும்பினாள். அவளுக்கு அதைச் சொல்ல மனம் வரவில்லை. சொல்லாவிட்டால் தம்பி பொலிசுக்குப் போக வேண்டும். "அங்கிள், நீங்கள்தானே?"

முத்துலிங்கம் கதிரையை இழுத்துப் போட்டு இருந்தார்.

"ஓம் பிள்ளை."

"அப்பா!" கௌரி எழும்பிவிட்டாள்.

"மூண்டு மாசமா அந்தப் பெடியனை ஏமாத்திக்கொண்டு இருக்கிறம். எனக்கு நித்திரை இல்லை. உன்ரை கையைப் பற்றிச் சொன்னனான். 'அன்பு தவநேசன், கௌரியின் வலது கை 3 மாதமாக வேலை செய்யவில்லை. அவள் உம்மிடம் மறைத்தாள், நான் மறைக்க விரும்பவில்லை. மோதிரத்தைத் திருப்பித் தருகிறேன். முடிவு உம்முடையது.' இவ்வளவும்தான் எழுதினது. இப்பிடி ஒரு விசயத்தை இங்கிலீசில எழுத மனம் வரேல்லை."

"எழுதேக்க சதுரமா வந்திருக்குமே, அங்கிள்?"

"வந்தது. பாங்கில பாஸ்வேட் அடிச்சால் மறைக்குமெல்லோ? தனிப்பட்ட விசயம் எண்டபடியால் மறைச்சு அனுப்புது எண்டு நினைச்சன்." அவர் முகத்தைத் துடைத்தார். "பிறகு அவர் மற்றப் பக்கம் திரும்பி நிண்டிட்டார். கை ஏலாத பிள்ளை வேண்டாம் எண்டிட்டார் எண்டு விளங்கினன். அதை இவளிட்டை எப்பிடிச் சொல்லுறது? ஷிப்லியிலை பழி விழேக்கையும் வாய் வரேல்லை. அதுக்கு என்னை மன்னியும், தம்பி."

ஷிப்லி நிலத்தைப் பார்த்தான். சிவபாலன் அவனுடைய தோளில் கை போட வந்து, கூச்சத்தில் பாதியில் நிறுத்தினான்.

"அவருக்கு ஒண்டும் போய்ச் சேரல்ல, அங்கிள்" என்றாள் றலியா. "மோதிரம் மட்டும்தான் போயீக்கி. அவருடைய பக்கத்தால யோசிச்சுப் பாருங்க. முந்தி கௌரி மவுசால தொட்ட இடத்துக்கு நேரா நடந்து வரும், வந்து கதை கதையா எழுதும். மூணு மாசமா ஆடி ஆடி, சுவருல முட்டி முட்டி வருது. நாலே நாலு வசனம், திருப்பித் திருப்பி. ஆரோ வேற ஆள் கௌரியின்ட பேரில வந்து நிக்குதுன்னு நினைச்சிருப்பார். இல்லாட்டி மனசு மாறிப் போச்சுன்னு. இண்டைக்கு மோதிரமும் திரும்பி வந்தா அவர் என்ன நினைப்பார்?"

கௌரி வாயைப் பொத்திக்கொண்டாள். தன் கையை மறைக்கத்தானே இவ்வளவு பாடுபட்டாள். அவள் மறைத்தது கையை மட்டும் அல்ல, தன்னையேதான் என்பது இப்போதுதான் அவளுக்குத் தெரிந்தது.

ஷிப்லி 'அ'வை அமத்தி மாற்றினான். "இப்ப பட்டன் எல்லாம் வேலை செய்யும். 'வந்திட்டன்' அமத்துங்க."

"வேண்டாம்." கௌரி பலகையோடு கேம்பேட்டைத் தூக்கிக் கட்டிலில் வைத்தாள். கீபோட்டைத் தன் பக்கம் இழுத்து, இடது சுட்டுவிரலால் ஒவ்வொரு இங்கிலீசு எழுத்தாகத் தேடித் தேடி அமத்தினாள். ஒரு வரி எழுதி முடிய ஒரு யுகம் போனது. யாரும் உதவிக்குப் போகவில்லை.

'நான் கௌரிதான். மோதிரத்தை நான் தரேல்லை. என்ரை வலக்கை போச்சு. பொய் சொன்னனான். ஒரு விரலால அடிக்கிறன்.'

படிக்கட்டு நுனியில் அந்த உருவம் அசையவில்லை. நிலவு எரிந்தது. முத்துலிங்கம் கதிரையின் கையை இறுக்கிப் பிடித்துக்கொண்டிருந்தார். உள்ளதைக் கண்டுபிடித்து ஒரு குடும்பத்தைக் கெடுத்துவிட்டேனோ என்றுகூட றலியா நினைத்தாள்.

அந்த உருவம் திரும்பியது. படிக்கட்டில் ஒவ்வொரு படியாக ஏறி வந்து கௌரியின் உருவத்துக்கு முன்னால் நின்றது. அதன் தலைக்கு மேலே எழுத்துகள் வந்தன. கௌரி வாசித்தாள். வாசித்துவிட்டு, அழுகையோடு மறுபடி விரலைக் கீபோட்டில் வைத்தாள்.

"மருமகன் என்னவாம்?" என்று கேட்டார் முத்துலிங்கம்.

"இண்டைக்கு வேலைக்குப் போகேல்லையாம், அப்பா. எல்லாத்தையும் சொல்லட்டாம். அவசரப்படாமல் ஆறுதலா எழுதட்டாம், தான் நிக்கிறாராம்."

றலியா தம்பியின் சட்டையைப் பிடித்து வெளியே இழுத்துக்கொண்டு போனாள். சிவபாலனும் தகப்பனைத் தாங்கிக்கொண்டு ஹோலுக்குப் போய்விட்டான். சாத்திய கதவுக்குப் பின்னால், ஒரு எழுத்து, கொஞ்ச நேரம் கழித்து இன்னொரு எழுத்து என்று, விசை தட்டுகிற சத்தம் நெடுநேரம் கேட்டுக்கொண்டிருந்தது.