மெழுகுத் தரையில் ஈரத் தடம்

மழையோடு வந்த காற்று, ரலிட்சாவின் நீலச் சட்டையைக் கொடியிலிருந்து பிடுங்கிக் கீழ்வீட்டுப் பால்கனியில் போட்டது. இறங்கிப் போய்த் தட்டினாள். கதவைத் திறந்தவனின் கண்கள்... மழையில் நனைந்த இலையின் பச்சை. ஒரு நொடி வந்த காரியத்தையே மறந்தாள்.

"சட்டைதானே? எடுத்துக்குங்க. முதல்ல பூட்ஸைக் கழட்டுங்க," என்று விருந்தாளிகளுக்கான கம்பளிச் செருப்புக் கூடையை நகர்த்தினான் ஸ்டாமென்.

எதிலும் தன் பாதம் நுழையாது... பார்த்ததுமே தெரிந்தது. பூட்ஸோடு நடந்தாள்.

"ஏங்க! இப்பத்தான் மெழுகு போட்டேன்! நம்ம ப்ளோவ்டிவ் ஊர்ல எந்த வீட்டுக்குள்ள இப்படி நடப்பாங்க? மகாராணியோ?"

சட்டையை அள்ளிக்கொண்டு ஓடினாள். அழுவதற்கும் வெட்கமாக இருந்தது.

மூளையின் அடியில் பட்டாணி அளவில் பிட்யூட்டரி என்றொரு சுரப்பி. கழுத்திலுள்ள தைராய்டை வேலை வாங்குவது அதுதான். தைராய்டு போதுமான அளவு சுரந்ததும் அது தன் அதட்டலை நிறுத்திவிடும். ரலிட்சாவின் பிட்யூட்டரியில் ஒரு கட்டி. அதற்கு நிறுத்தத் தெரியவில்லை. தைராய்டு ஓயாமல் சுரந்தது. நெஞ்சு படபடத்தது, கை நடுங்கியது; யார் எதிரிலும் அதைப் பைக்குள் மறைத்துக்கொண்டாள். அதே கட்டி வளர்ச்சி ஹார்மோனையும் கொட்ட, முப்பது வயதில் பாதங்கள் பெருத்தன. புற்று இல்லை, சாதுவான கட்டிதான், எடுத்துவிடலாம் என்றார்கள் டாக்டர்கள். ஆனால் இதை எந்த முகத்தோடு ஒருவனிடம் சொல்வது?

அவன் திட்டிய நாளிலிருந்து, அவன் கதவு சாத்தும் சத்தம் கேட்ட பிறகே படியிறங்கினாள்.

ஒரு மாலை, அவள் வெளியே போய் வந்து பூட்ஸைக்கூடக் கழற்றுமுன், அவனே வந்து தட்டினான். கையில் பெரிய சிவப்புக் கம்பளிச் செருப்புகள்.

"திட்டினது தப்புங்க. அப்புறம்தான் கூடையைப் பாத்தேன்... எல்லாமே சின்னது."

"என் அளவு எப்படி..."

"உங்க ஈரத் தடம்தான். துடைக்கிறதுக்கு முன்னாடி நூல் வச்சு அளந்தேன்."

"நீங்களா பின்னினீங்க?"

"ஒண்ணு கோணல்... சிரிக்காதீங்க!"

அவள் சிரிக்கவில்லை. தரையைப் பார்த்தபடி எல்லாவற்றையும் சொன்னாள். சொல்லிவிட்டு, அவன் பின்வாங்கும் காலடிக்காகக் காத்திருந்தாள்.

"ஆபரேஷனுக்கு அப்புறம் பாதம் சின்னதாயிடுமா?"

"எலும்பு வளர்ந்தது வளர்ந்ததுதான்."

"அப்பாடா! இன்னொரு ஜோடி பின்ன சத்தியமா என்னால ஆகாது."

இப்போது சிரித்தாள். பூட்ஸைக் கழற்றி, அவன் பார்க்கப் பார்க்க, கால்களை உள்ளே நுழைத்தாள். கச்சிதம்.

"கை இன்னும் நடுங்குதே... தைராய்டா?"

"ஆபரேஷனுக்கு முன்னாடி போடுற ஊசியில அது அடங்கிடுச்சு. நடுக்கமே இல்லாமத்தான் இருந்தேன்... நீங்க வந்து கதவைத் தட்டுற வரைக்கும்."

முதன்முறையாகத் தன் கையை அவள் மறைக்கவில்லை. அவன் பிடித்துக்கொண்டான்.