பன்னிரண்டு நாற்பதுக்கு எடுத்த படம்

தெலுக் பங்லிமா காராங் ஊர்க் கிடங்கு வாசலில் நான் காரை நிறுத்தியபோது மணி பன்னிரண்டரை. வெயில் மண்டையைப் பிளந்தது. கம்பெனிகள் வாங்கும் லேப்டாப், சர்வர் பெட்டிகளை எண்ணிச் சரிபார்த்து, படம் பிடித்து, கன்டெய்னருக்குச் சீல் போட்டு, அறிக்கை அனுப்புவது என் வேலை. இந்த லோகேஸ்வரி கையெழுத்துப் போட்டால் மறுபேச்சு கிடையாது.

கன்டெய்னர் கதவைச் சாத்துமுன் உள்ளே ஒரு படம் எடுத்தாக வேண்டும். ஆள் யாரும் இல்லை என்பதற்கு அதுதான் சாட்சி. போன மாதம் இதே இடத்தில் நான் அதை எடுக்கவில்லை. பசி. எல்லாப் பெட்டியும் ஒரே மாதிரிதானே என்று பழைய படம் ஒன்றை அறிக்கையில் சேர்த்துவிட்டுக் கதவைச் சாத்தினேன்.

பெட்டிகளுக்குப் பின்னால் கிடங்குத் தொழிலாளி கமலநாதன் கயிறு கட்டிக்கொண்டிருந்தார்.

தட்டியிருப்பார். இரும்புச் சுவருக்குள் அவர் போனில் சிக்னலும் இருந்திருக்காது. லோரி சத்தத்தில் யாருக்குக் கேட்கும்? மூன்றாம் நாள்தான் திறந்தார்கள்.

திருடப் பதுங்கியவன் என்று நிர்வாகம் கதையை முடித்தது. உள்ளே ஆள் இல்லை என்று நான் சேர்த்த படம்தான் ஆதாரம். இழவு வீட்டில் அவர் மனைவி புஷ்பவல்லி என் கையைப் பிடித்துக்கொண்டார்.

"அவரு திருடன் இல்லன்னு ஒரு வார்த்த சொல்லுங்கக்கா. புள்ளைங்க வெளிய தல காட்ட முடியல."

"நான் பாக்கறப்ப உள்ள யாரும் இல்லம்மா" என்றேன். வேலை போய்விடுமே என்ற பயம். பாவி நான்.

இன்று ஒழுங்காக போனை உள்ளே நீட்டினேன். பெட்டிகள் மட்டும்தான் இருந்தன. சூடான இரும்பு வாடையோடு வியர்வை வாடையும் வந்தது.

எடுத்த படத்தில் பெட்டிகள் இல்லை.

கும்மிருட்டு. நடுவே ஒரு கோடு வெளிச்சம். அதில் கதவைத் தள்ளும் ஒரு பெண்.

என் முகம்.

ஓரத்தில் போன மாதத் தேதி. மணி 12:40.

அழித்துவிட்டு மறுபடி எடுத்தேன். அதே படம்.

டக். டக். டக்.

"அண்ணே, அது என்ன சத்தம்?" ஃபோர்க்லிஃப்ட் ஓட்டும் இராமலிங்கத்திடம் மெல்லக் கேட்டேன்.

"ஒன்னும் கேக்கலயே லா, மேடம்."

அப்போது போன் அடித்தது. புஷ்பவல்லி.

"அக்கா, அவரு போனையும் அவரோடயே வெச்சு எரிச்சிட்டோம். இப்ப அந்த நம்பர்லேருந்து ஒரு படம் வந்திருக்கு." மூச்சு வாங்கினார். "கதவ மூடுறது நீங்கதானே?"

உப்பைத் தின்றவள் தண்ணீர் குடித்துத்தானே ஆக வேண்டும்.

"நான்தான்மா. உள்ள பாக்காம மூடிட்டேன். அவரு திருடன் இல்ல. எழுதியே குடுக்கறேன்."

தட்டல் நின்றது.

அந்தப் பக்கம் வெகுநேரம் அழுகை. பிறகு, "இத அவருக்குச் சொல்லணும்கா. அந்த நம்பருக்கே அனுப்பறேன்" என்றார்.

பெட்டிகளுக்குப் பின்னால், இருட்டில், ஒரு போன் 'டிங்' என்றது.