ஆறாவது ஏற்றம்

நிறுத்தும் பொத்தானை அழுத்தியதும் 'பீப்' என்று சத்தம் வந்தது. ஆனால் திரையில் வினாடிகள் நிற்கவில்லை.

கயிதேசி மறுபடி அழுத்தினாள். மறுபடி 'பீப்'. தீப்பெட்டியளவு இருந்த அந்த சைக்கிள் கம்ப்யூட்டர் மேசைமேல் கிடந்தபடியே ஓடிக்கொண்டிருந்தது. அவளுடைய பந்தய சைக்கிளோ மூன்று வாரமாக மூலையில் சாய்ந்து கிடக்கிறது. திரையில் 'ஏற்றம் 4 / 6' என்றிருந்தது. அதன் கீழே இதயத்துடிப்பு வர வேண்டிய இடத்தில் வெறும் இரண்டு கோடுகள்.

ஆறு மணிக்குள் இந்தப் பயிற்சிப் பதிவு கோச்சுக்குப் போயாக வேண்டும். ஐரோப்பாவில் உட்கார்ந்திருக்கும் அந்த ஆள் அவள் சைக்கிள் மிதித்து ஒருநாளும் பார்த்ததில்லை. அவருக்குப் பதிவுதான் ஆள். பதிவு வராவிட்டால் குழுவில் அவளுக்கு இடமில்லை. முழங்கால் வீங்கியிருக்கிறது என்று சொன்னாலும் இடமில்லை. வீட்டிலேயே முதலில் பட்டம் வாங்கியவள் அவள். பட்டம் சுவரில் தொங்குகிறது. வேலை எங்கேயும் தொங்கவில்லை. இந்தக் குழுவை விட்டால் முசான்சே ஊர்ச் சந்தையில் உருளைக்கிழங்கு பொறுக்க வேண்டியதுதான்.

அதனால்தான் செமானாவைப் பிடித்தாள். சந்தையிலிருந்து இந்த மேட்டுக்கு ஆட்களையும் மூட்டைகளையும் சைக்கிளில் ஏற்றி வருகிறவன். கம்ப்யூட்டரை அவன் வண்டியில் மாட்டி, துடிப்பை அளக்கும் கறுப்புப் பட்டையை அவன் நெஞ்சில் அவளே இறுக்கிக் கட்டினாள்.

"அக்கா, எம்பொஞ்சாதி பாத்தா என்னத்த சொல்றது?" என்று சிரித்தான் செமானா.

"படிச்ச பொண்ணு வைத்தியம் பாத்துச்சுன்னு சொல்லு. இங்க பாரு, இந்த மேட்ட ஆறு தடவ ஏறணும். முடிக்காம பட்டைய அவுக்கக் கூடாது."

"பட்டம் வாங்குனது நீங்க, மிதிக்கிறது நானா? சரி விடுங்க. மூட்டையோடயே பத்து தடவ ஏறுறவன் நான்."

நான்கு ஏறினான். நான்காவது இறக்கத்தில் பிரேக் பிடிக்கவில்லையாம். அன்று சாயங்காலமே இன்னொரு சைக்கிள்காரன் கம்ப்யூட்டரைக் கொண்டுவந்து கொடுத்து, "விழுந்துட்டான், ஆஸ்பத்திரிக்குத் தூக்கிட்டுப் போயிருக்காங்க" என்றான். கயிதேசி முதலில் பார்த்தது திரையில் கீறல் இருக்கிறதா என்றுதான். அப்புறம் அவள் யாரையும் விசாரிக்கவில்லை.

வெளியே எரிமலைப் பக்கமிருந்து பனி இறங்கி வாழைத்தோட்டத்தை ஒவ்வொரு வரிசையாக விழுங்கிக்கொண்டிருந்தது. பக்கத்து வீட்டில் பீன்ஸ் வேகும் மணமும் ஈரக்கரி புகையும் சன்னல் இடுக்கு வழியே வந்து கம்பளிபோல் அறையில் தங்கின. உதவிப் பக்கம் சொன்னதையெல்லாம் அவள் செய்து பார்த்தாள். அணைத்துப் போட்டாள். பழைய பதிவுகளை அழித்து இடம் பண்ணினாள். தானாக நிற்கும் வசதியை எடுத்துவிட்டாள். சேமிக்கச் சொன்னால் ஒரே பதில்தான் வந்தது: 'பயிற்சி முடியவில்லை.' கடைசியில் நெஞ்சுப்பட்டையை இணைப்புப் பட்டியலிலிருந்தே நீக்கினாள்.

அது தானே திரும்பி வந்து சேர்ந்துகொண்டது.

கோடுகள் இருந்த இடத்தில் ஓர் எண். 171.

அவள் கையை எடுத்துவிட்டாள். அந்தப் பட்டையின் சிக்னல் ஓர் அறையைத் தாண்டிப் போகாது. சுவருக்கு அந்தப் பக்கம் நின்றால் உண்டு, தெருமுனைக்குப் போனால் இல்லை. ஆஸ்பத்திரியோ மலைக்குக் கீழே இருக்கிறது. சன்னலுக்கு வெளியே எண்ணெய் காணாத சங்கிலி ஒன்று கீச்சிட்டபடி மேட்டின் உச்சிக்கு வந்தது, நின்றது, திரும்பியது. திரையில் 'ஏற்றம் 5 / 6' என்று மாறியது. சத்தம் இறக்கத்தில் தேய்ந்து மறைய, எண்ணும் மறைந்து கோடுகளாயிற்று.

ஆஸ்பத்திரியிலிருந்து வந்துவிட்டான்போல. அவள் தனக்கே சொல்லிக்கொண்டாள். பிடிவாதக்காரன்.

கதவு திறந்தது. அவளோடு தங்கியிருக்கும் பெர்த்தில்ட். அதே குழுவில் ஓட்டுகிறவள். அவள் செருப்பு நிறையச் செம்மண்.

"ஏண்டி, சாவுக்கு வரமாட்டியா? அடக்கம் முடிஞ்சு கை கழுவுற எடத்துல எல்லாரும் ஒன்னத்தான் கேட்டாங்க."

"யார் சாவு?"

"நடிக்காத. செமானாடி. அன்னைக்கு ராத்திரியே போயிட்டான். இன்னைக்கு மத்தியானம் மண்ணப் போட்டாச்சு."

கயிதேசி திரையைப் பார்த்தாள். "அவன் நெஞ்சுல..."

"ஆமா, கறுப்பா ஏதோ கட்டு. ஆஸ்பத்திரியில போட்டது, எலும்பு நகராம இருக்கட்டும்னு எவனோ சொன்னான். அவன் பொஞ்சாதி அவுக்க விடல. அப்படியே வச்சுப் பொதச்சுட்டாங்க." மேசையைப் பார்த்தாள் பெர்த்தில்ட். "இன்னும் அந்தக் கருமத்தத்தான் நோண்டிக்கிட்டு இருக்கியா? நல்லா இருப்படி நீ. நான் துக்க வீட்டுக்குப் போறேன். மனசு இருந்தா வா."

அவள் போய்விட்டாள். அவளது காலடி ஓசை பனிக்குள் அமிழ்ந்தது.

ஆறு மணிக்குக் கொஞ்சநேரம்தான் இருந்தது. கம்ப்யூட்டரைத் தூக்கிக் கிணற்றில் போட்டிருக்கலாம். பதிவை அழித்துவிடவா என்று திரை கேட்டது. ஆம் என்றால் எல்லாம் போய்விடும், குழுவில் இடமும் போய்விடும். கட்டைவிரல் பொத்தான்மேல் இருந்தது. அழுத்தவில்லை.

கீழே, வளைவில், சங்கிலி கீச்சிட்டது.

மெதுவாக வந்தது. மூட்டை ஏற்றிய வண்டி வருகிற மாதிரி. பின்பலகை முனகியது. கல்மேல் டயர் நசுங்கியது. பனியோடு ஒரு வாடை வந்தது. புதிதாக வெட்டிய குழியின் வாடை. மூச்சு கேட்கும் என்று காத்திருந்தாள்.

மூச்சே இல்லை.

140. 155. 168.

சுவருக்கு அந்தப் பக்கம். சன்னலுக்குக் கீழே.

171.

'ஏற்றம் 6 / 6.' வினாடிகள் நின்றன. 'பயிற்சி முடிந்தது. சேமிக்கவா?'

அவள் அழுத்தினாள். யோசிக்கவே இல்லை. இத்தனை நாள் காத்திருந்த விரல் அது. பதிவு போய்ச் சேர்ந்தது. கொஞ்ச நேரத்தில் போன் அதிர்ந்தது, கோச்: 'அருமை. நீ குழுவில் இருக்கிறாய். இனி தினமும் இதே மேடு. நாளையிலிருந்து ஏழு.'

புதுப் பயிற்சி தானாகவே கம்ப்யூட்டருக்குள் இறங்கியது. 'ஏற்றம் 0 / 7. இதயம் ஓய்வுக்கு வந்ததும் தொடங்கும்.'

119. 84.

சன்னல் கதவை ஒரு விரற்கடை தள்ளினாள்.

முற்றத்தில் அவன் சைக்கிள்மேல் உட்கார்ந்திருந்தான். முதுகு இந்தப் பக்கம். முகமும் இந்தப் பக்கம். வாயிலிருந்து செம்மண் உதிர்ந்துகொண்டிருந்தது. சட்டையில்லாத நெஞ்சைச் சுற்றி, அவள் இறுக்கிய அதே இறுக்கத்தில், பட்டை.

41. 12.

ஒரு காலைத் தரையில் ஊன்றி, மறுகாலைப் பெடலில் வைத்து, அவளையே பார்த்துக்கொண்டிருந்தான்.

3.

0.

பெடல் சுற்றியது.