தொட்டியில் குறைந்த தண்ணீர்

காலை ஒன்பது மணிக்கு ஆய்வுக்கூடத்தைத் திறந்தபோது கண்ணாடித் தொட்டியில் பாதித் தண்ணீர்தான் இருந்தது. அதற்குள் கிடந்த வடிகட்டிக் குழாயைக் காணோம்.

சாயப்பட்டறைக் கழிவுநீரைத் தெளியவைக்கும் குழாய் அது. முழங்கை நீளம்தான். பதினோரு மணிக்கு ஒரு பெரிய ரசாயன நிறுவனத்தோடு அதற்கு ஒப்பந்தம். பல்கலைக்கழகத்தைத் தொழிற்சாலைகளுக்குத் திறந்துவிட்டவர் துணைவேந்தர் அம்மா. அவருக்கு இது மானப் பிரச்சினை.

"விழாவைத் தள்ளி வெச்சிடலாமா மேடம்?" என்றார் உதவியாளர்.

"ஒரு நாற்காலியையும் நகர்த்தாதீங்க. திருடனுக்குப் பயந்து நான் நாள் மாத்த மாட்டேன்."

வந்த இன்ஸ்பெக்டர் அதிகம் பேசாத பெண். பூட்டு உடையவில்லை. தரையில் ஒரு சொட்டு ஈரமில்லை. மூலையில் தரை துடைக்கும் குச்சி மட்டும் தனியாகச் சாய்ந்திருந்தது. சாவி மூன்று பேரிடம் இருந்தது. மூவரையும் அழைத்தார்.

முதலில் துறைத்தலைவர்.

"கம்பெனிக்குப் படிப்பை விக்கிறாங்கன்னு மேடையேறித் திட்டினவன் நான். என்னைத்தானே சந்தேகப்படுவீங்க?"

"ஆமா. நேத்து கடைசியாப் பூட்டினது யாரு?"

"நான்தான். அப்ப தொட்டி ததும்ப ததும்ப இருந்துச்சு."

அடுத்து நிறுவன மேலாளர். சோதனைக்காகச் சாவி வாங்கியிருந்தார்.

"கையெழுத்து போட்டா அது எங்க பொருள். சொந்தப் பொருளை யாராவது திருடுவாங்களா?"

கடைசியில், குழாயை உருவாக்கிய ஆராய்ச்சியாளர், ஓர் இளம்பெண். கண்கள் சிவந்திருந்தன, குரல் நடுங்கவில்லை.

"அது காஞ்சா என்னாகும்?" என்றார் இன்ஸ்பெக்டர்.

"நுண்துளை எல்லாம் மூடிக்கும். அப்புறம் அது வெறும் குழாய்தான்."

இன்ஸ்பெக்டர் வெளியே போனார். சற்று நேரத்தில் ஒரு பிளாஸ்டிக் வாளியோடு திரும்பினார். தண்ணீருக்குள் குழாய் கிடந்தது.

"பெண்கள் கழிவறையில் இருந்துச்சு. அங்கே இன்னொரு வாளி இருந்தா யாரு கேப்பாங்க?" என்றபடி வாளியை மேஜைமேல் வைத்தார். "துடைக்கிற குச்சி இருக்கு, வாளி இல்லை. தொட்டித் தண்ணி குறைஞ்சிருக்கு, தரை நனையலை. எடுத்தவங்க தண்ணியோட சேர்த்துப் பதமா எடுத்திருக்காங்க. துறைத்தலைவர் கெடுக்க நினைச்சிருந்தா வெளியே எடுத்துப் போட்டாலே போதும். மேலாளருக்கு எடுக்கவே தேவையில்லை. இது உயிரோட இருக்கணும், ஆனா கம்பெனி கைக்குப் போகக்கூடாது. அப்படி நினைக்கிறவங்க ஒருத்தர்தான்." ஆராய்ச்சியாளரைப் பார்த்தார். "நீங்க."

"ஆமா, நான்தான். இந்த மேலாளர் போன்ல பேசினதைக் கேட்டேன். 'வாங்கி மூலையில போட்டுடுவோம், இது வெளியே வந்தா நம்ம ரசாயனத்தை எவன் வாங்குவான்'னாரு. ஆறு வருஷ உழைப்பு மேடம்!"

"எங்கிட்ட ஏன் சொல்லலை?" என்றார் துணைவேந்தர்.

"ரெண்டு நாள் உங்க வாசல்ல நின்னேன். மேடம் பிஸின்னு திருப்பி அனுப்பினாங்க."

உதவியாளர் தலையைக் குனிந்துகொண்டார். துணைவேந்தரின் முகம் ஒரு கணம் சுண்டிப்போனது.

"வியாபாரத்துல இதெல்லாம் சகஜம்," என்றார் மேலாளர். "திருட்டுக் கேஸ் போடுங்க."

"எங்க கட்டடத்துக்குள்ள, எங்க வாளியில இருக்கு. என்ன திருட்டு?" துணைவேந்தர் எழுந்து நின்றார். "ஒரு வருஷத்துல நீங்க இதைத் தயாரிச்சு விக்கணும்னு ஒப்பந்தத்துல எழுதணும். இல்லேன்னா உரிமை எங்களுக்கே திரும்பிடணும். அவ பேரும் இருக்கணும். சம்மதமா?"

"வேற கம்பெனி கிடைக்காது உங்களுக்கு."

"அதை நாங்க பாத்துக்கறோம். கிளம்புங்க."

மேலாளர் கதவை அறைந்துவிட்டுப் போனார். துணைவேந்தர் ஆராய்ச்சியாளர் பக்கம் திரும்பினார்.

"நீ செஞ்சது தப்பு."

"தெரியும். ஆனா மறுபடியும் எடுப்பேன்."

"அடுத்த தடவை என் கதவைத் தட்டு. திறக்கலைன்னா உடைச்சுக்கிட்டு உள்ளே வா."

துறைத்தலைவர் தொண்டையைச் செருமினார். "எங்கிட்டப் படிச்ச பசங்க நாலு பேர் பக்கத்துலயே சாயப்பட்டறை நடத்துறாங்க. கழிவுநீரால மூடுற நிலைமை. கூப்பிடட்டுமா?"

"நீங்களா சார்!" என்றார் துணைவேந்தர்.

"படிப்பை விக்கிறதைத்தான் எதிர்த்தேன். பயன்படுத்துறதை இல்லை."

பதினோரு மணிக்கு முன்வரிசையில் நான்கு பட்டறைக்காரர்கள், நகத்தில் சாயக்கறையோடு, உட்கார்ந்திருந்தார்கள். விழா தொடங்கியது.